ஆட்டு மூளையும் மனித மூளையும் ஒரே செல்களால் ஆனவையா?

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் தலைக்கறிக் கடை வைத்திருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்ட கேள்வி இது: "தினமும் ஆட்டுத்தலையைப் பிளந்து மூளையை எடுக்கிறேன். மனித மூளையின் படத்தைப் பார்த்தால் அளவைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மனிதனுக்கு மட்டுமே உள்ள மூளைச் செல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? அப்படியானால் ஆட்டுக்கென்று தனிச் செல் இருக்குமா?" இதற்கு வந்த பதில்களில் பாதி கேலி. மீதி, மனிதன் ஆறறிவு படைத்தவன் என்பதோடு நின்றுவிட்டன. நீங்கள் கேட்டது அறிவைப் பற்றி அல்ல. ஒரு பாலூட்டியிலிருந்து இன்னொன்று பிரிந்து போகும்போது மூளைச் செல்லின் வகைகள் புதிதாகப் பிறக்கின்றனவா, அல்லது பழைய வகைகளே எண்ணிக்கையும் இடமும் மாறி வருகின்றனவா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. இதைச் சரியாகக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. மருத்துவ மாணவர்களுக்குத் திசுவியல் கற்பித்துவிட்டு இப்போது பெரம்பூரில் ஓய்வில் இருக்கிறேன். மூளையைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வைப் படித்து வகை பிரிக்கும் இன்றைய முறையில் என் கை பட்டதில்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆகவே வடிவத்தைப் பற்றி நான் சொல்வதைக் கண்ணால் பார்த்தவன் பேச்சாகவும், மரபணுவைப் பற்றிச் சொல்வதைப் படித்தவன் பேச்சாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. ஆட்டு மூளையின் மேல் ரத்தக்குழாய்கள் ஓடும் மெல்லிய சவ்வை உரித்தால், மடிப்பும் பள்ளமுமாகப் பெருமூளைப் புறணி தெரியும். பின்னால் சிறுமூளை, அதை நெடுக்காக வெட்டினால் வெள்ளை நிறத்தில் கிளைவிட்ட மரம் ஒன்று உள்ளே நிற்கும். முன்பக்க அடியில் இரண்டு மோப்பக் குமிழ்கள், மனிதனுடையவற்றை ஒப்பிட்டால் மூளை அளவுக்கு மிகப் பெரியவை. இனி அந்தப் புறணியில் ஒரு துணுக்கை எடுத்து, கிரெசில் வயலட் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வையுங்கள். ஊதா நிறத்தில் முக்கோண வடிவச் செல்கள் தெரியும். நடுவில் வெளிறிய உட்கரு, அதற்குள் ஒரே ஒரு கரும்புள்ளி. முக்கோணத்தின் உச்சியிலிருந்து ஒரு கிளை மூளையின் மேற்பரப்பை நோக்கிக் கிளம்பும். இதைப் பிரமிட் செல் என்போம். ஆட்டுப் புறணியையும் மனிதப் புறணியையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே ஒரு பிரமிட் செல் மட்டும் தெரியும்படி நிறுத்திவிட்டால், எது எவருடையது என்று என் மாணவர்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. பெரிதாக்குவதைக் குறைத்து, புறணியின் முழுத் தடிமனும் கண்ணில் படும்படி வைத்தால்தான் பிடிபடும். எந்த அடுக்கு கனமானது, செல்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன, இடையில் எவ்வளவு வெற்றிடம் என்பவை சொல்லிக்கொடுத்துவிடும். தனிச் செல் வாய் திறக்காது. கூட்டமாகப் பார்த்தால்தான் இனம் தெரியும்.

இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873இல் வெள்ளிச் சாய முறையைக் கண்டுபிடித்தார். ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையால் பலவகை உயிரினங்களின் மூளைச் செல்களை வரைந்து தள்ளினார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் செல் வகை என்றால் வடிவம் என்றே இருந்தது. இப்போது அளவுகோல் வேறு. உடலின் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய அதே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. அவற்றில் எவை இயங்குகின்றன, எவை தூங்குகின்றன என்பதில்தான் ஒரு செல்லின் அடையாளம் அடங்கியிருக்கிறது. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும். ஒவ்வொரு செல்லிலும் உள்ள ஆர்.என்.ஏ.வைத் தனித்தனியாகப் படித்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இறந்தவரின் உறைந்த மூளையில் செல்கள் உடைந்துபோகும் என்பதால் முழுச் செல்லுக்குப் பதிலாக உட்கருவை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பதும் உண்டு. காலையில் அறுத்து மதியம் வரை சென்னை வெயிலில் இருந்த தலை இந்த வேலைக்கு ஆகாது; ஆர்.என்.ஏ. அவ்வளவு சீக்கிரம் சிதையும்.

இப்படிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? 2021இல் மனிதன், மார்மோசெட் என்னும் சிறு குரங்கு, சுண்டெலி ஆகிய மூன்றின் இயக்கப் புறணியை, அதாவது கைகால் அசைவுக்குக் கட்டளை போகும் பகுதியை, ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் பொதுவாக 45 வகைகளை வரிசைப்படுத்த முடிந்தது. அடுத்த செல்லைத் தூண்டும் பிரமிட் செல்கள், அடக்கி நிறுத்தும் இடைநியூரான்கள், நரம்பிழைக்கு உறை சுற்றும் செல்கள், குப்பை அள்ளும் மைக்ரோகிளியா என்று எல்லாம் மூன்றிலும் இருந்தன. காசிமேட்டில் ஃபைபர் படகையும் விசைப்படகையும் பார்த்திருப்பீர்கள். ஓட்டுபவர், வலை விடுபவர், இழுப்பவர், மீன் பிரிப்பவர் என்று வேலைகளின் பட்டியல் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், யாரிடம் என்ன கருவி என்பதில்தான் படகு வேறுபடுகிறது. பாலூட்டி மூளைகளும் அப்படித்தான். அதே ஆய்வில், அடக்கும் செல் ஒன்றுக்குத் தூண்டும் செல் எத்தனை என்று பார்த்தபோது, சுண்டெலியில் ஏறத்தாழ ஐந்து, மார்மோசெட்டில் மூன்று, மனிதனில் இரண்டு. வகை மாறவில்லை, கலவை மாறியிருக்கிறது. மனிதப் புறணியில் அடக்குபவர்களின் பங்கு கூடியது ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, முடிவு இல்லை.

எண்ணிக்கை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாடநூல்கள் இதில் நெடுங்காலம் கதை விட்டுக்கொண்டிருந்தன. மனித மூளையில் பத்தாயிரம் கோடி நியூரான்கள், அதாவது செய்தி கடத்தும் நரம்புச் செல்கள், அதைப்போல் பத்து மடங்கு கிளியா என்னும் துணைச் செல்கள் என்று நாங்களும் ஒப்பித்தோம். பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் மூளையைக் கரைத்துக் கூழாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையை 2005இல் கொண்டுவந்தார். கேட்பதற்குக் கசாப்புக் கடை வேலை போலிருக்கும். ஆனால் அவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் நம்பகமாகவும் இருந்தது. அந்தக் கணக்கில் மனித மூளைக்கு ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், கிளியா முதலான பிற செல்களும் ஏறத்தாழ அதே அளவு. பத்து மடங்கு என்பது பொய்த்துப்போனது. நியூரான்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடிதான். சுண்டெலியின் மூளை முழுவதற்கும் 7.1 கோடி. ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி, நம்மைப்போல் மூன்று மடங்கு. ஆனால் அதில் நூற்றுக்கு 97க்கும் மேல் சிறுமூளையில், புறணிக்கு மிஞ்சுவது 560 கோடி.

உங்கள் ஆட்டுக்கு நெருங்கிய உறவு ஸ்பிரிங்பாக் என்னும் ஆப்பிரிக்க இரலை. அதன் மூளை நூறு கிராமுக்குச் சற்று மேல், அதாவது நீங்கள் கையில் எடுக்கும் ஆட்டு மூளையின் எடை மட்டத்தில்தான். அதில் சுமார் 270 கோடி நியூரான்கள். அதைவிடச் சிறிய, 87 கிராம் எடையுள்ள ரீசஸ் குரங்கின் மூளையில் சுமார் 640 கோடி. குரங்கு வம்சத்தில் மூளை பெரிதானாலும் நியூரான்கள் அதிகம் பருக்காமல் நெருக்கமாகவே நிற்கின்றன. மற்றப் பல வம்சங்களில் மூளை பெருக்கப் பெருக்கச் செல்களும் பருத்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே கடையில் தட்டில் வைத்த மூளையின் எடையைப் பார்த்து உள்ளிருக்கும் சரக்கைச் சொல்ல முடியாது.

இனி அந்தக் காணொளிக்கு வருகிறேன். "மனிதனுக்கு மட்டும்" என்ற கூற்று புதிதல்ல. வந்து வந்து போயிருக்கிறது. ஆஸ்திரியாவில் வாழ்ந்த கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ 1925 வாக்கில் மனித மூளையின் முன்பகுதியில் சில குறிப்பிட்ட இடங்களில் நீண்டு மெலிந்த கதிர் வடிவச் செல்களை விவரித்தார். பக்கக் கிளைகள் அதிகம் இல்லாமல், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கிளை விட்டவை. 1999இல், இவை மனிதனிடமும் சிம்பன்சி, கொரில்லா முதலிய பெருங்குரங்குகளிடமும் மட்டும் இருக்கின்றன என்றார்கள். உடனே சுயநினைவு, பரிவு, வெட்கம் என்று எல்லாவற்றையும் அந்தச் செல்லின் தலையில் கட்டினார்கள். பிறகு கூனல் முதுகுத் திமிங்கிலத்தில் கண்டார்கள், யானையில் கண்டார்கள்; பெரிய மூளையும் கூட்டு வாழ்க்கையும் உள்ளவற்றுக்குத்தான் இது என்று கதையைத் திருத்தினார்கள். 2015இல் மாடு, செம்மறி, பன்றி, குதிரை, மான் ஆகியவற்றிலும் இருக்கிறது என்று வெளியானது. செம்மறியும் வெள்ளாடும் எவ்வளவு நெருங்கிய இனம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரிவுக்கென்று படைக்கப்பட்டதாகப் பேசப்பட்ட செல் ஆட்டுத்தொட்டி வரை வந்துவிட்டது. மரபணு வழியில் பார்த்தபோது, இவை புறணியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து தொலைவான இடங்களுக்கு இழை அனுப்பும் ஒரு பழைய குடும்பத்தோடு சேர்ந்தன. அந்தக் குடும்பம் சுண்டெலிக்கும் உண்டு. இந்தக் கதிர் வடிவம்தான் அதற்கு இல்லை. இதனால் அந்தச் செல் முக்கியமற்றது என்று நினைத்துவிடாதீர்கள். நடத்தையையும் குணத்தையும் சிதைக்கும் ஒருவகை மறதி நோயில் முதலில் அழிபவற்றுள் இவையும் உண்டு. முக்கியமாக இருப்பது வேறு, நமக்கு மட்டும் சொந்தமாக இருப்பது வேறு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த சூட்சுமம் உறவுமுறையில் இருக்கிறது. சுண்டெலி மனிதனுக்குத் தூரம், ஆடு கொஞ்சம் பக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். வம்சப்படி தலைகீழ். எலிகளும் குரங்குகளும் ஒரே பெருங்கிளையில் வருபவை; ஆடு, மாடு, பன்றி, நாய், வௌவால், திமிங்கிலம் எல்லாம் அதற்கு முன்பே பிரிந்த வேறு கிளை. இரண்டு பிரிவும் நடந்தது சுமார் 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே ஒரு செல் மனிதனில் இருக்கிறது, ஆட்டின் கிளையிலும் இருக்கிறது, சுண்டெலியில் மட்டும் இல்லை என்றால், அது மனிதனின் புதிய கண்டுபிடிப்பு ஆகாது. பொது மூதாதையிடம் இருந்ததை எலி இழந்திருக்கலாம், அல்லது உருமாற்றியிருக்கலாம். இரண்டு கிளைகளிலும் தனித்தனியாகத் தோன்றியது என்பதும் நடக்கக்கூடியதே. எது என்று அறிய இன்னும் பல விலங்குகளைப் பார்த்தாக வேண்டும். ஆய்வுக்கூடங்களில் சுண்டெலி மலிவு, வேகமாகப் பெருகும், அதனால் எல்லா ஒப்பீடும் அதனோடு நடக்கிறது. செய்தியில் "மனிதனுக்கு மட்டும்" என்று படித்தால், "சுண்டெலியிடம் இல்லை" என்று மனத்துக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

2020இல் வந்த இன்னொரு செய்தி இதற்கு நல்ல சாட்சி. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி, பழக்கங்களுக்கும் அசைவைத் தொடங்குவதற்கும் பொறுப்பானது. மனிதன், இரண்டு வகைக் குரங்குகள் ஆகியவற்றில் அங்குள்ள இடைநியூரான்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சுண்டெலியிலும் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கிலும் காணாத ஒரு வகை என்று கண்டார்கள். இது அசல் புதுவரவு என்று நானும் நம்பினேன். பின்னர், வளரும் கருவிலிருந்தே இந்தச் செல்களின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்த ஆய்வில் பன்றியிலும் ஃபெரட்டிலும் அதே வம்சம் அகப்பட்டது. சுண்டெலியிலும், வேறு பெயரில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு சிறு கூட்டம் இதன் பங்காளி என்று ஆனது. குரங்கு வம்சத்தில் நடந்தது பெருக்கம். பிறப்பு அதற்கு வெகு முன்பே நடந்துவிட்டது.

நீங்கள் பார்த்த காணொளி 2018இல் வந்த "ரோஜாக்காய்" செல்லைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். ஹங்கேரியின் செகெத் நகரத்துக் குழுவும் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஆலன் நிறுவனமும் சேர்ந்து மனிதப் புறணியின் முதலடுக்கில் கண்ட இடைநியூரான் அது. இதழ் உதிர்ந்த ரோஜாவின் காய் போல இழை முனைகள் தடித்திருப்பதால் அந்தப் பெயர். செல் உண்மை; ஆய்வு கவனமானது; சுண்டெலியில் அதற்கு நேரான ஒன்றை அவர்கள் காணவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது சுண்டெலியோடு. அங்கிருந்து "மனிதனுக்கு மட்டும்" என்று தாவியது தலைப்புப் போட்டவர்களின் கைங்கர்யம்.

வந்து போவதற்கும் உதாரணம் உண்டு. டோபமைன் என்னும் ரசாயனத் தூதைத் தயாரிக்கத் தேவையான நொதி கொண்ட அரிய இடைநியூரான் ஒன்று மனிதப் புறணியில் இருக்கிறது. சில குரங்குகளுக்கும் இருக்கிறது. ஆனால் நமக்கு மிக நெருங்கிய சிம்பன்சி, போனபோ, கொரில்லாவின் புறணியில் அது தென்படவில்லை என்று 2017இல் வெளிவந்தது. நம்மிடம் அது திரும்பி வந்ததா, அல்லது செல் அவற்றிடமும் இருந்து அந்த நொதியின் மரபணு மட்டும் அடங்கிவிட்டதா? இரண்டாவது நடந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு மரபணுவை அணைப்பது எளிது, ஒரு செல் வம்சத்தையே ஒழிப்பது கடினம். இது என் சாய்வு மட்டும்.

அப்படியானால் பரிணாமம் செல்லுக்குள் எதையுமே மாற்றவில்லையா என்றால், நிறைய மாற்றியிருக்கிறது. 2019இல் மனிதனின் பக்கமடல் புறணியில் 75 வகைகளைக் கண்டு சுண்டெலியோடு பொருத்தியபோது, பெரும்பாலானவற்றுக்கு இணை கிடைத்தது. ஆனால் இணையான வகைகளுக்குள்ளேயே மரபணு இயக்கம் கணிசமாக வேறுபட்டது. செரட்டோனின் என்னும் ரசாயனத் தூதை ஏற்கும் புரதங்கள் எந்தச் செல்லில் இருக்கின்றன என்பதே மாறியிருந்தது. மனநோய் மருந்துகள் பல அந்த வழியாக வேலை செய்பவை. எலியில் பலித்த மருந்து நோயாளியிடம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கலாம். செல்லின் மின் குணமும் மாறுகிறது. 2021இல் பத்துப் பாலூட்டிகளின் ஐந்தாம் அடுக்குப் பிரமிட் செல்களை அளந்தார்கள். ஒன்பதில், செல் பருக்கப் பருக்க அதன் சவ்வில் அயனிகள் செல்லும் வாயில்களும் நெருக்கமாகி, புறணியின் ஒரே கன அளவுக்குள் இருக்கும் வாயில்களின் மொத்தக் கணக்கு நிலையாக இருந்தது. மனிதச் செல் மட்டும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் குறைந்த வாயில்களோடு நின்றது. ஆற்றலை மிச்சம் பிடிக்கத்தான் என்பது அவர்கள் ஊகம். இது எனக்குப் புதிய வகைச் செல்லைவிடச் சுவையான வேறுபாடாகத் தெரிகிறது: அதே செல், வேறு நடத்தை.

நியூரானைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; கிளியாவில்தான் மாற்றம் வேகமாக நடந்திருக்கிறது போலும். 2023இல் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, இரண்டு குரங்குகள் ஆகியவற்றின் புறணியை ஒப்பிட்டபோது, வகைகள் ஏறத்தாழ ஒன்றே என்றும், மனிதனின் மரபணு இயக்கத்தில் விலகல் கிளியா செல்களில் கூடுதல் என்றும் தெரிந்தது. ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவக் கிளியா மனிதனில் கொண்டிருக்கும் விட்டம் எலியினுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் என்று 2009இலேயே அளந்திருந்தார்கள். மனிதக் கிளியா முன்னோடிச் செல்களைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் வைத்து வளர்த்தபோது அந்தச் சுண்டெலிகள் சிலவகைப் பாடங்களைச் சீக்கிரம் கற்றன என்று 2013இல் வந்த கட்டுரை பெரும் பேச்சானது. அதிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

மூளை பெரிதாவதற்குப் பின்னால் இருப்பது கருவில் நியூரான்களை உற்பத்தி செய்யும் செல்கள். வெளிப்புற ரேடியல் கிளியா என்ற வகை சுண்டெலியில் மிகக் குறைவு, மனிதக் கருவில் ஏராளம். மடிப்புள்ள மூளைக்கு இதுவே காரணம் என்று முதலில் பேசினார்கள். மழமழப்பான மூளை கொண்ட மார்மோசெட்டிலும் அது நிறைய இருக்கவே அந்த விளக்கம் தளர்ந்தது. மனிதனுக்கு மட்டுமே உள்ள மரபணு ஒன்று இங்கே வேலை செய்கிறது: ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.11பி. ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு 2015இல் அதைச் சுண்டெலிக் கருவில் இயங்கவைத்தபோது முன்னோடிச் செல்கள் பெருகி, சிலவற்றின் புறணியில் மடிப்பே தோன்றியது. 2020இல் மார்மோசெட் கருவிலும் புறணி பெருத்தது. கவனியுங்கள்: மனிதனுக்கு மட்டும் உள்ள மரபணு உண்டு, இதில் சந்தேகமில்லை. அது செய்ததும் பழைய வகைச் செல்லைப் பெருக்கியதுதான். நம் ஊரிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் ஐந்து மனிதக் கரு மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, "தரணி" என்ற பெயரில் 2024இல் யாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. இந்த முன்னோடிச் செல்கள் அடுக்கடுக்காக நிற்பதை அதில் பார்க்கலாம். செல்போனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும்.

சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். 2023இல் சுண்டெலி மூளை முழுவதையும் சுமார் 40 லட்சம் செல்கள் கொண்டு 5,322 கூட்டங்களாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு மனித மூளையை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள் கொண்டு 461 கூட்டங்களாகவும், அவற்றுக்குள் 3,313 உட்கூட்டங்களாகவும் பிரித்தார்கள். எலிக்கு மனிதனைவிட அதிக வகை என்று இதைப் படித்தால் முட்டாள்தனம். எத்தனை செல்லை எடுத்தார்கள், எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். மனித மூளையில் பார்த்தது கடலில் ஒரு குடம். அதைவிட ஆழமான சிக்கல், இரண்டு விலங்குகளின் செல்கள் ஒன்று என்று எப்போது சொல்வது என்பது. ஜெர்மனியின் டெட்லெஃப் ஆரென்ட் முதலியோர், ஒரு செல்லின் அடையாளத்தைக் காத்து நிற்கும் கட்டுப்பாட்டு மரபணுக்களின் தொகுதியைப் பிடித்து வம்சத்தைத் தேட வேண்டும் என்கிறார்கள். கொள்கை நன்றாக இருக்கிறது. நடைமுறையில், ஒன்றுபோல இயங்கும் மரபணுக்கள் எல்லாம் ஒரே வம்சத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது; ஒரே வேலையைச் செய்யும் செல்கள் தனித்தனியாகவும் ஒத்த கோலத்துக்கு வந்துசேரலாம். எனவே 45 என்பதையும் 3,313 என்பதையும் இன்றைய கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகைப்பட்டியலின் பெருங்குடும்பங்கள் பொது என்பது மாறாது என்று துணிந்து சொல்வேன். கடைசிக் கிளை நுனிகளில், மனிதனுக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கடைசியாக ஆட்டுக்கென்று தனிச் செல் உண்டா என்ற கேள்வி. மனிதனிலும் சுண்டெலியிலும் தேடிய ஆழத்துக்கு யாரும் ஆட்டு மூளையில் தேடவில்லை. தேடினால் அதன் மோப்பக் குமிழிலோ, அசைபோடுவதை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதிகளிலோ கலவை வேறுபட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பேன். விழித்திரை விஷயத்தில் மட்டும் ஓரளவு விடை இருக்கிறது. அதுவும் மூளையின் நீட்சிதான். 2023இல் செம்மறி, மாடு, பன்றி உட்படப் பதினேழு முதுகெலும்பிகளின் விழித்திரையைச் செல் செல்லாக ஒப்பிட்டார்கள். குரங்குக்கும் மனிதனுக்கும் கூர்மையான பார்வை தரும் குறுஞ்செல்கள், மூளைக்குச் செய்தி அனுப்பும் விழித்திரைச் செல்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். நமக்கு மட்டும் உரியவை என்று நெடுநாள் கருதப்பட்ட அவற்றுக்கு மற்றப் பாலூட்டிகளிலும் இணை அகப்பட்டது. சுண்டெலியில் அவை ஒரு சில விழுக்காடுதான். மறுபடியும் அதே கதை. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் இருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். விழித்திரையிலும் மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள் ஒரு கிடைமட்டப் பட்டையில் நெருங்கி நிற்கின்றன, அடிவானத்தை ஒரே பார்வையில் அளக்க. நமக்கு அவை நடுவில் ஒரு சிறு குழியைச் சுற்றிக் குவிந்திருக்கின்றன.

மூளையைச் சாப்பிட்டால் அறிவு வளருமா என்று இடையில் ஒருவர் கேட்டிருந்தார். வளராது, கொழுப்பு ஏறும். நீங்களே வெட்டிப் பார்க்க விரும்பினால், வீட்டில் ஃபார்மலின் வாங்கி வைக்காதீர்கள், அதன் ஆவி கெடுதல். மூளையைச் சவ்வோடு கொதிநீரில் சிறிது நேரம் வைத்து இறுக்கி, கூர்மையான கத்தியால் நடுக்கோட்டில் ஒரே வீச்சாக வெட்டுங்கள். புறணியின் சாம்பல் விளிம்பும் உள்ளே வெள்ளையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்து நிற்கும். சிறுமூளை பிசிறாமல் வர வேண்டுமானால் கத்தியை நனைத்துக்கொள்ளுங்கள்.